மேலுறையால் சந்தையை வென்ற மளிகை வணிகர்: சேர் தோமஸ் லிப்டன்

கடைக்குச் செல்லும் ஒருவர் தேயிலையைச் சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்குவதில்லை. பொதி மூடப்பட்டிருக்கின்றது. உள்ளே இருப்பது எந்த மலையில் விளைந்தது, எப்போது பறிக்கப்பட்டது, எதனுடன் கலக்கப்பட்டது என்பன அவருக்குத் தெரியா. அவர் கண்முன்னே இருப்பது மேலுறை மாத்திரமே. அதன் நிறம், அதிலுள்ள படம், ஒரு பெயர், ஒரு முத்திரை ஆகியவற்றை நம்பியே அவரது கை ஒரு பொதியை நோக்கி நீளுகின்றது. அண்மையில் கொழும்பிலுள்ள பல்பொருள் அங்காடி ஒன்றில் தேயிலைப் பொதிகள் அடுக்கப்பட்டிருந்த இடத்தருகே சிறிது நேரம் நின்று இதனை நாம் அவதானித்தோம். விலையைப் பார்த்தவர்கள் சிலர். பின்புறத்தைத் திருப்பிச் சிறிய எழுத்துகளை வாசித்தவர் எவரையும் காணவில்லை. பெரும்பாலானோர் பழகிய நிறத்தைக் கண்டவுடன் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு நகர்ந்தனர்.

இவ்விடயம் இன்று பல்கலைக்கழகங்களில் சந்தைப்படுத்தல் என்ற பெயரில் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் பாடசாலைக் கல்வியைக்கூட முழுமையாகப் பெறாத ஒருவர், ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னரே இதனை நன்கு விளங்கிக்கொண்டு, அதனால் உலகின் பெரும் செல்வந்தர்களுள் ஒருவரானார். அவருடைய செல்வத்திற்கும் எமது மலையகத்திற்கும் இருந்த தொடர்பு சிறியதன்று. எனவேதான் சேர் தோமஸ் லிப்டனின் வாழ்க்கையை நாம் இங்கு எழுத முற்படுகின்றோம்.

லிப்டன் பிறந்த ஆண்டிலிருந்தே சிக்கல் தொடங்கிவிடுகின்றது. 1850ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி தாம் பிறந்ததாக அவர் வாழ்நாள் முழுவதும் கூறிவந்தார். ஆனால் 1848ஆம் ஆண்டே சரியானது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அவரது பெற்றோர் அயர்லாந்தின் வட பகுதியிலிருந்து பஞ்ச காலத்தில் வெளியேறி, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறியவர்கள். கோர்பல்ஸ் என்ற ஏழைகள் செறிந்து வாழ்ந்த பகுதியில், கிரவுன் வீதியில் ஒரு சிறு கடையை அவர்கள் நடத்தினர். வெண்ணெய், முட்டை, உப்பிட்ட இறைச்சி என்பனவே விற்பனைப் பொருட்கள். அக்கடையைப் பற்றி ஒரு கதை உண்டு. முட்டைகளை அப்பா எடுத்துக் கொடுக்கக் கூடாது, அம்மாவே எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று சிறுவன் லிப்டன் யோசனை கூறினானாம். அம்மாவின் கைகள் சிறியவை. சிறிய கையில் முட்டை பெரிதாகத் தெரியும் என்பது அவனது கணக்கு. இக்கதை நடந்ததோ பின்னர் புனையப்பட்டதோ, லிப்டனின் முழு வியாபாரத் தத்துவமும் அதற்குள் அடங்கியிருக்கின்றது எனலாம். முட்டையின் நிறை மாறவில்லை. அதனைச் சுற்றியிருப்பது மாத்திரமே மாறுகின்றது.

சிறுவயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு எழுதுபொருள் கடையொன்றிலும், மேற்சட்டை தைக்கும் நிறுவனமொன்றிலும், பின்னர் கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்ட்டுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலொன்றிலும் வேலை பார்த்த அவர், பதின்ம வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். உள்நாட்டு யுத்தம் முடிவுறும் தறுவாயில் இருந்த காலம் அது. வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல்வயல்களிலும் கூலிவேலை செய்த பின்னர், நியூயோர்க் நகரின் பெரிய கடையொன்றின் மளிகைப் பிரிவில் அவருக்கு இடம் கிடைத்தது. அவருக்கு அதுவே பல்கலைக்கழகம். பொருட்களைக் கண்ணைக் கவரும் வகையில் அடுக்குவது, பத்திரிகையில் விளம்பரம் செய்வது, வாடிக்கையாளரை விருந்தாளிபோல வரவேற்பது ஆகிய அமெரிக்கப் பழக்கங்களை அங்குதான் அவர் கற்றார். சில வருடங்களின் பின் ஊர் திரும்பியபோது அவர் தாயாருக்குக் கொண்டுவந்தவை ஒரு பீப்பாய் மாவும் ஓர் ஆடுநாற்காலியும் என்பர்.

1871ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி, அதாவது தமது பிறந்தநாள் என அவர் கூறிவந்த தினத்தில், கிளாஸ்கோவின் ஸ்ரொப்குறொஸ் வீதியில் தமது முதலாவது கடையை லிப்டன் திறந்தார். அக்காலத்து மளிகைக் கடைகள் இருண்டவையாக, அழுக்கு நிறைந்தவையாக இருந்தன. லிப்டனின் கடையிலோ விளக்குகள் பிரகாசித்தன. ஊழியர்கள் வெண்ணிற மேலங்கி அணிந்திருந்தனர். அதன் பின்னர் நடந்தவற்றைக் கடைத்தெருவில் நடந்த நாடகம் என்றே சொல்லவேண்டும். வில்லி லொக்ஹார்ட் என்ற கேலிச்சித்திரக்காரரை அமர்த்தி, வாரம் ஒரு சித்திரம் வீதம் கடைக் கண்ணாடியில் ஒட்டச் செய்தார். அதைப் பார்ப்பதற்கென்றே மக்கள் கூடினர். கொழுத்த பன்றிகளைக் கழுவித் துடைத்து, அவை லிப்டனிடம் செல்லும் அநாதைகள் என்று எழுதிய பதாகையுடன் தெருவில் நடத்திச் சென்றார். கடைக்குள் செல்பவரை மெலிந்தவராகவும் வெளியே வருபவரைப் பருத்தவராகவும் காட்டும் வளைந்த கண்ணாடிகளைப் பொருத்தினார். நாணயத்தாள் போலவே அச்சிட்ட விளம்பரத் துண்டுகளை வெளியிட்டார். அவற்றைச் சிலர் உண்மையான பணமென மாற்ற முற்பட்டதால் நீதிமன்றம் வரை விவகாரம் போயிற்று. 1881ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் அமெரிக்காவிலிருந்து இராட்சத பாற்கட்டி ஒன்றைத் தருவித்து, அதனுள் தங்க நாணயங்களைப் புதைத்து வைத்து விற்றார். சில மணித்தியாலங்களில் அது தீர்ந்துபோனது. பிறிதோர் ஊரில் பொலிஸார் எச்சரித்தபோது, நாணயம் தொண்டையில் சிக்கிவிடலாம், பாற்கட்டியை அவதானமாக உண்ணுங்கள் என்று அந்த எச்சரிக்கையையே இன்னுமொரு விளம்பரமாக்கினார்!

1880களின் இறுதியில் பிரித்தானியாவெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுக்கு அவர் உரிமையாளராகியிருந்தார். அப்போதுதான் தேயிலைத் தரகர்கள் அவரை நாடி வரலாயினர்.

தேயிலை அன்று எவ்வாறு விற்கப்பட்டது என்பதை இவ்விடத்தில் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. மரப்பெட்டியிலிருந்து அள்ளி, தராசில் நிறுத்து, கடதாசியில் சுற்றிக் கொடுப்பதே வழமை. எமது ஊர்களின் சில்லறைக் கடைகளிலும் தேயிலைத்தூள் நெடுங்காலமாக இப்படித்தான் விற்கப்பட்டது. பழுது எங்கே இருந்ததெனில், கடைக்காரர் எதை அள்ளுகின்றார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. ஏற்கனவே கொதிக்கவைத்த இலையை உலர்த்திச் சேர்ப்பதும், வேறு செடிகளின் இலைகளைக் கலப்பதும், பச்சைத் தேயிலைக்குச் சாயம் பூசுவதும் இங்கிலாந்தில் நடைபெற்ற மோசடிகள். 1850களில் ஆதர் ஹில் ஹசல் என்ற மருத்துவர் நுணுக்குக்காட்டியின் உதவியுடன் இவற்றைப் பரிசோதித்து அம்பலப்படுத்தினார். 1875ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதியாகும் தேயிலையைச் சுங்கத் திணைக்களம் பரிசோதிக்க வழிசெய்தது. எனினும் மக்கள் மனதிலிருந்த சந்தேகம் ஒரு சட்டத்தால் நீங்கிவிடுமா?

அந்தச் சந்தேகத்தைத்தான் லிப்டன் மூலதனமாக்கினார். தேயிலையை முன்கூட்டியே நிறுத்து, ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் எனப் பிரித்து, நிறமூட்டிய பொதிகளில் அடைத்துத் தமது பெயரைப் பெரிதாக அச்சிட்டார். இதில் அவரே முன்னோடி என்று பலரும் எழுதுகின்றனர். அது சரியன்று. ஜோன் ஹோர்னிமன் என்பவர் 1826ஆம் ஆண்டிலேயே பொதியிட்ட தேயிலையை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். லிப்டன் செய்தது, அவ்வழக்கத்தைத் தொழிலாளி வர்க்கத்தின் சமையலறைக்குக் கொண்டுசென்றமையே. ஏனைய கடைகளில் இறாத்தல் 2 ஷில்லிங்குக்கு மேல், சில இடங்களில் 3 ஷில்லிங் வரை விற்ற தேயிலையை அவர் 1 ஷில்லிங் 7 பென்ஸுக்குக் கொடுத்தார். அதுவுமன்றி, ஊருக்கு ஊர் தண்ணீரின் தன்மை வேறுபடுவதால் அந்தந்த ஊர்த் தண்ணீருக்குப் பொருத்தமான கலவையைத் தயாரித்து, அதனைப் பொதியிலும் விளம்பரத்திலும் குறிப்பிட்டார். தமது ஊரின் பெயரைப் பொதியில் காணும் ஓர் இல்லத்தரசி, கிளாஸ்கோவில் இருக்கும் எவரோ தன்னை நினைத்திருக்கின்றார் என்று எண்ணாமல் இருப்பாரா? 

இங்கு எமது நாடு கதைக்குள் வருகின்றது. 1869ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1884ஆம் ஆண்டில் ஓரியண்டல் வங்கி முறிவடைந்ததும் தோட்ட உரிமையாளர் பலர் நிலைகுலைந்தனர், காணிகள் மலிந்தன. 1890ஆம் ஆண்டில், தாம் அவுஸ்திரேலியாவுக்கு ஓய்வுப் பயணம் செல்வதாகப் பிறரிடம் கூறிப் புறப்பட்ட லிப்டன், கொழும்பில் இறங்கினார். அப்புத்தளைப் பிரதேசத்தில் தம்பேதென்ன, லேமஸ்தோட்டை, மொனராகந்த முதலிய தோட்டங்கள் அவர் வசமாயின. மலையுச்சியிலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்தை இறக்க கம்பிவடப் பாதைகளை அமைத்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் விடியற்காலையில் ஏறிச்செல்லும் லிப்டன் இருக்கை என்ற குன்று, அவர் தமது தோட்டங்களைப் பார்வையிட அமர்ந்த இடமாகக் கூறப்படுகின்றது.

தோட்டங்களை வாங்கியதால் லிப்டன் பெற்ற மிகப்பெரிய இலாபம் தேயிலையன்று என்பது எமது கருத்து. அவர் பெற்றது பொதியின் மேல் போடுவதற்கு ஒரு கதை. தோட்டத்திலிருந்து நேரடியாகத் தேநீர்ப் பாத்திரத்திற்கு வருகின்றது என்ற கருத்துப்படும் வாசகத்தை அவர் எங்கும் அச்சிட்டார். இடைத்தரகர் இல்லை, கலப்படக்காரர் இல்லை, விளைவிப்பவரும் விற்பவரும் ஒருவரே என்பது அதன் உட்பொருள். அவ்வாசகத்துடன் இலங்கை மலைச்சாரலும், கூடையுடன் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணும் விளம்பரங்களிலும் மேலுறைகளிலும் இடம்பிடித்தனர். புகைபடிந்த தொழிற்சாலை நகரமொன்றில் வாழ்ந்த பிரித்தானியக் குடும்பம், பசுமையான மலையையும் சேலையணிந்த பெண்ணையும் பார்த்தவாறே தேநீர் அருந்தியது.

ஆனால் உண்மை நிலை யாது? லிப்டனின் கடைகளில் விற்பனையான தேயிலையில் அவருடைய சொந்தத் தோட்டங்களில் விளைந்தது ஒரு சிறு பங்கேயாகும். எஞ்சியவை ஏனையோரைப் போன்று அவரும் சந்தையில் வாங்கியவை. அப்படியாயின் மேலுறை பொய் சொன்னதா? முழுப் பொய் என்று கூறிவிட முடியாது. தோட்டம் இருந்தது; பெண்ணும் இருந்தாள்; விலை உண்மையிலேயே குறைவு; தேயிலையும் கலப்படமற்றது. சொல்லப்பட்டவை பெரும்பாலும் மெய்யானவை. அவற்றை வாசித்தவர் தாமாகவே எண்ணிக்கொண்டதுதான் மெய்யன்று. அம்மாவின் கையிலிருந்த முட்டையைப் போன்றதே இதுவும்.

போட்டியாளர்களும் சும்மா இருக்கவில்லை. மஸவத்தி என்ற பெயரில் இலங்கைத் தேயிலையை விற்ற லண்டன் கம்பனி, மூக்குக்கண்ணாடி அணிந்த பாட்டியும் பேத்தியும் தேநீர்க் கோப்பைகளுடன் அமர்ந்திருக்கும் படத்தைத் தனது அடையாளமாக்கிப் பெரும் வெற்றி கண்டது. ருசி என்ற பொருளில் நாமறிந்த மஜா என்ற சொல்லையும், தோட்டத்தைக் குறிக்கும் வத்த என்ற சிங்களச் சொல்லையும் இணைத்து உருவாக்கியதாம் அப்பெயர். லிப்டனின் மேலுறை தூரதேசத்தைக் காட்டியது. மஸவத்தியின் மேலுறை சொந்த வீட்டைக் காட்டியது. இரண்டிலும் தேயிலை ஒன்றுதான் என்பதை எண்ணும்போது வாங்குபவரின் மனம் எவ்வளவு விநோதமானது என்பது புலனாகின்றது.

காலப்போக்கில் லிப்டன் தம்மையே ஒரு மேலுறையாக்கிக்கொண்டார். 1897இல் விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாவையொட்டி ஏழைகளுக்கு விருந்தளிக்கும் நிதியம் தள்ளாடியபோது 25,000 பவுண் வழங்கினார். மறுவருடம் சேர் பட்டம் கிடைத்தது. அதே வருடம் அவரது வியாபாரம் பங்குதாரர் கம்பனியாக மாற்றப்பட்டபோது பங்குகளுக்கு மக்கள் முண்டியடித்தனர். 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து தடவைகள் ஷாம்ரொக் என்ற பெயருடைய படகுகளுடன் அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டு ஐந்திலும் தோற்றார். ஆயினும் புன்னகையுடன் தோல்வியை ஏற்ற அந்த மனிதரை அமெரிக்கர்கள் தமது வெற்றியாளர்களைவிட அதிகம் நேசித்தனர். கடைசித் தோல்வியின் பின் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஒரு தங்கக் கிண்ணத்தை அவருக்குப் பரிசளித்தனர். கப்பற்தொப்பி அணிந்த அவரது முகம் அமெரிக்கக் கடைகளிலிருந்த தேயிலை டின்களிலும் தோன்றியது. எத்தனை இலட்சம் செலவிட்டாலும் அத்தகைய விளம்பரத்தை விலைக்கு வாங்க முடியாது. தோற்பதிலும் இலாபம் கண்ட வணிகர் வேறு எவரும் இருந்தாரோ நாமறியோம்.

அம்மேலுறைக்கு அடியில் கறைகளும் இருந்தன. 1914ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற வழக்கில், இராணுவச் சிற்றுண்டிச்சாலைகளுக்கான ஒப்பந்தங்களைப் பெற இலஞ்சம் வழங்கிய விவகாரத்தில் லிப்டன் கம்பனியின் ஊழியர்களும் இராணுவத்தினரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். லிப்டன்மீது வழக்குத் தொடரப்படவில்லையாயினும் அவரது பெயர் அடிபட்டது. அடுத்த வருடம் அவர் தமது உல்லாசக் கப்பலில் மருத்துவக் குழுவினரை ஏற்றிக்கொண்டு, தொற்றுநோயால் மக்கள் மடிந்துகொண்டிருந்த சேர்பியாவுக்குச் சென்றார் என்பதையும் கூறாதுவிடுவது நியாயமன்று. 1920களில் கம்பனி தளர்வுற்றுப் பிறர் கைக்கு மாறியது. திருமணம் செய்யாது வாழ்ந்த லிப்டன், 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி லண்டனில் காலமானார். சொத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகரின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சென்றது. உடல் கோர்பல்ஸில் பெற்றோரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டது.

மனிதர் மறைந்தாலும் மேலுறை மறையவில்லை. அவரது பெயர் பின்னர் யூனிலீவர் நிறுவனத்தின் உடைமையாகி, 2022ஆம் ஆண்டில் அதன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியுடன் முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. மஞ்சள் லேபலைக் காணாத தேநீர்க் கடை வளைகுடா நாடுகளில் அரிது. அங்கு தொழில் புரியும் எமது சகோதரர்கள், சிவப்பு நூலில் அல்லது வெள்ளை நூலில் தொங்கும் அந்த மஞ்சள் துண்டைக் கண்டு ஊர்த் தேயிலையென மகிழ்ந்து குடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கின்றோம். ஆனால் அது பல நாடுகளின் தேயிலைகளைச் சேர்த்த கலவை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இலங்கைத் தேயிலைச் சபை வாளேந்திய சிங்க இலச்சினையை வைத்திருக்கின்றது. நூறு வீதம் இலங்கையில் விளைந்து, இலங்கையிலேயே பொதியிடப்பட்ட தேயிலைக்கு மாத்திரமே அதனைப் பொறிக்கலாம். லிப்டன் வகுத்த பாதையில் நாமும் ஒரு மேலுறைச் சின்னத்தைக் கொண்டே எமது உரிமையைக் காக்கவேண்டியதாயிற்று!

அந்த மேலுறையிலிருந்த பெண்ணின் நிலை என்னவாயிற்று? அவளது படம் ஐரோப்பிய, அமெரிக்கச் சமையலறைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் நம்பிக்கையின் சின்னமாக இருந்த பின்னர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவளது பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கப்பட்டது. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்குச் சட்டரீதியான தீர்வு 2003ஆம் ஆண்டில்தான் கிட்டியது. நாட்கூலியாக 1,000 ரூபா கேட்டுப் பல வருடங்கள் போராடி, 2021இல் அதனைப் பெற்றனர். பெற்ற மறுவருடமே பொருளாதார நெருக்கடி அதன் பெறுமதியை விழுங்கியது. ஒரு பொதியின் விலையில் கொழுந்து பறித்தவருக்குப் போகும் பங்கு எவ்வளவு என்பதை எந்த மேலுறையும் இதுவரை அச்சிட்டதில்லை.

தம்பேதென்ன குன்றின் உச்சியில் இப்போது லிப்டனுக்கு ஒரு சிலை இருக்கின்றது. ஆசனத்தில் கோப்பையுடன் அமர்ந்திருக்கும் அச்சிலையின் அருகே உட்கார்ந்து படமெடுக்க வெளிநாட்டவரும் உள்நாட்டவரும் முறைவைத்துக் காத்திருப்பதை நாம் அங்கு சென்றபோது கண்டோம். மேகம் விலகிய சில நிமிடங்களில் கீழேயுள்ள மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். சிலையுடன் படமெடுத்து முடித்தவர்கள் தமது கமராக்களை அவர்கள் பக்கம் திருப்பினர்.